சிசேரியனுக்குப் பிறகு அடுத்த பிரசவம்: சுகப்பிரசவமா, மறுபடி ஆபரேஷனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 64, அரசு மருத்துவமனைகளில் 36. அதனால் இரண்டாவது குழந்தைக்காக வருகிறவர்களில் ஏராளமானோரின் அட்டையில் ‘ப்ரீவியஸ் சிசேரியன்’ என்று சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு சொற்களே முடிவைச் சொல்லிவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. முந்தைய வெட்டு எப்படிப்பட்டது, ஏன் போடப்பட்டது, இப்போது பிரசவம் எந்த இடத்தில் நடக்கப்போகிறது என்ற மூன்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதல் குழந்தை சிசேரியன். அடுத்ததும் சிசேரியன்தானா?

கட்டாயமில்லை. ஒரே ஒரு சிசேரியன், கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு, இப்போது ஒரே குழந்தை, தலை கீழே இருக்கிறது என்றால் பெரும்பாலானோர் சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாம். இதை மருத்துவர்கள் ‘டிரையல் கொடுப்பது’ என்பார்கள். முயல்கிறவர்களில் 100க்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது என்கிறது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதல். மீதிப் பேருக்கு வலி வந்தபின் சிசேரியன் ஆகும்.

‘ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்’ என்ற பேச்சு 1916ல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் சொன்னதிலிருந்து வந்தது. அப்போது கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காக வெட்டினார்கள். அந்தத் தழும்பு அடுத்த பிரசவ வலியில் பிளந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். இன்று போடுவது கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு. வெட்டு மாறியும் பேச்சு மாறவில்லை.

எந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

முந்தைய சிசேரியனின் டிஸ்சார்ஜ் சம்மரி. முடிந்தால் ஆபரேஷன் குறிப்பின் நகலும். ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை எல்லாம் கோப்பு போட்டு வைத்திருப்பவர்கள்கூட இதைத் தொலைத்துவிடுகிறார்கள். இந்தப் பேச்சில் அதைவிட முக்கியமான தாள் வேறில்லை.

அதில் முதலில் பார்க்க வேண்டியது வெட்டின் வகை. ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்றிருந்தால் கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டு. ‘கிளாசிக்கல்’, ‘இன்வர்டட் டி’, ‘ஜே’ என்றிருந்தால் வெட்டு மேல்நோக்கிப் போயிருக்கிறது. ‘எக்ஸ்டென்ஷன்’ என்றிருந்தால் வெட்டு போட்ட இடத்திலிருந்து கிழிசல் நீண்டிருக்கிறது. எந்தப் பக்கம், எவ்வளவு நீண்டது என்பதை மருத்துவர் படித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது காரணம். குழந்தை குறுக்கே கிடந்தது, கால் கீழே இருந்தது, இதயத்துடிப்பு குறைந்தது போன்றவை அந்தப் பிரசவத்தோடு முடிந்த காரணங்கள். ‘10 செ.மீ. திறந்தும் தலை இறங்கவில்லை’ என்பது வேறு கதை. எத்தனை செ.மீ. வரை கர்ப்பப்பை வாய் திறந்தது என்ற குறிப்பும் உதவும். பிறகு காய்ச்சல், சீழ், ரத்தம் ஏற்றியது, மறுபடி தையல் போட்டது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து எதையும் சொல்ல முடியாது. தோலில் பிகினி கோடு போலக் குறுக்கே வெட்டியிருப்பார்கள், உள்ளே கர்ப்பப்பையில் நெடுக்கு வெட்டு இருக்கலாம். நேர்மாறாகவும் இருக்கலாம்.

தாள் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

பிரசவம் நடந்த மருத்துவமனையின் மருத்துவப் பதிவேடுகள் பிரிவில், பிரசவத் தேதியும் உள்நோயாளி எண்ணும் கொடுத்து நகல் கேளுங்கள். தேதி மட்டும் தெரிந்தாலும் பிரசவ அறைப் பதிவேட்டிலிருந்து தேடி எடுக்க வாய்ப்புண்டு. ஏழாவது மாதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. வலி வந்தபின் யாரும் தேடித் தரமாட்டார்கள்.

கிடைக்கவே இல்லை என்றால் சூழ்நிலையை வைத்து ஊகிக்கிறார்கள். நிறைமாதத்தில், வலி வந்தபின் நடந்த சிசேரியன் என்றால் அநேகமாகக் கீழ்ப்பகுதி வெட்டுதான். 28 வாரத்தில் அவசரமாக எடுத்தது, குழந்தை குறுக்கே கிடந்தது, நஞ்சு (நஞ்சுக்கொடி) கர்ப்பப்பை வாயை மூடியிருந்தது என்றால் மேல்பகுதியில் வெட்டியிருக்கக்கூடும். அப்போது முயலாமல் இருப்பதே பாதுகாப்பு.

யார் முயலவே கூடாது?

கிளாசிக்கல் வெட்டு உள்ளவர்கள், முன்பு கர்ப்பப்பை கிழிந்தவர்கள், இப்போது நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள். குழந்தை குறுக்கே கிடந்தாலும் முயல முடியாது. நார்க்கட்டி அகற்றும்போது கர்ப்பப்பையின் முழுத் தடிமனையும் வெட்டித் தைத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பலர் ‘அது சிசேரியன் இல்லையே’ என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பிரசவ வலியில் அந்தத் தழும்பும் இழுபடும்.

எனக்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு?

சராசரி 100க்கு 72 முதல் 75. ஆனால் சராசரிக்கும் உங்களுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கலாம்.

வேறெதையும்விட அதிகம் எடைபோடுவது, சிசேரியனுக்கு முன்போ பின்போ ஒருமுறையாவது சுகப்பிரசவம் ஆகியிருக்கிறதா என்பது. ஆகியிருந்தால் வாய்ப்பு 85 முதல் 90 சதவீதம். கர்ப்பப்பை கிழியும் ஆபத்தும் குறைவு. அடுத்தது முந்தைய காரணம். தலை கீழே இல்லாததால் சிசேரியன் ஆனவர்களில் 84 சதவீதம் பேருக்கும், இதயத்துடிப்புக் கோளாறால் ஆனவர்களில் 73 சதவீதம் பேருக்கும், பிரசவம் முன்னேறாததால் ஆனவர்களில் 64 சதவீதம் பேருக்கும் அடுத்தமுறை சுகப்பிரசவம் ஆகிறது. ‘தலை இறங்கவில்லை’ என்று சொல்லப்பட்டவர்களிலும் பாதிக்கு மேல் என்பதைக் கவனியுங்கள். ‘உங்கள் இடுப்பு சின்னது’ என்று ஒருமுறை சொன்னது வாழ்நாள் தீர்ப்பு ஆகாது. தலை சற்றுத் திரும்பியிருந்தாலே இறங்காமல் நின்றுவிடும்.

நம்மூரில் அடிக்கடி கேட்கும் காரணம் ‘கொடி சுற்றியிருந்தது’. பிறக்கும் குழந்தைகளில் நான்கு அல்லது ஐந்தில் ஒன்றுக்குக் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றித்தான் இருக்கும். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. முந்தைய சிசேரியனுக்கு அதுதான் காரணம் என்றால் அது இந்த முறைக்கு எதிரான காரணமே இல்லை.

வலி தானாக வருவது, 40 வாரத்துக்குள் வருவது, பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 30க்குக் கீழ் இருப்பது, வயது 40க்குக் கீழ், குழந்தை 4 கிலோவுக்குக் கீழ், தாய் உயரமாக இருப்பது, மருத்துவமனைக்கு வரும்போதே 4 செ.மீ.க்கு மேல் திறந்திருப்பது எல்லாம் வாய்ப்பைக் கூட்டும். முன்பு சுகப்பிரசவம் இல்லை, பி.எம்.ஐ. 30க்கு மேல், முந்தைய காரணம் பிரசவம் முன்னேறாதது, இப்போது மருந்து வைத்து வலி வரவழைக்கிறார்கள் என்று நான்கும் சேர்ந்தால் வாய்ப்பு 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் இருப்பவரைத் திட்டமிட்ட சிசேரியன் பக்கம் மருத்துவர் நகர்த்தினால் அதில் நியாயம் இருக்கிறது.

தையல் பிரிந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையில் எவ்வளவு ஆபத்து?

வலி தானாக வந்து முயல்கிறவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குக் கர்ப்பப்பை பழைய தழும்பில் கிழிகிறது. வலி வருவதற்கு முன்பே திட்டமிட்டுச் சிசேரியன் செய்தால் அது 10,000க்கு 2க்கும் குறைவு.

கிழிந்தால் நடப்பது இதுதான்: குழந்தைக்குப் போகும் ரத்தம் தடைபடும், தாய்க்கு வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். குழந்தையை வெளியே எடுக்க நிமிடக் கணக்குத்தான். 20 நிமிடத்துக்குள் எடுத்தால் மூளை பாதிப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். கர்ப்பப்பையைப் பல நேரம் தைத்துக் காப்பாற்றிவிடலாம், சில நேரம் எடுக்க வேண்டிவரும். கிழிந்த எல்லாருக்கும் குழந்தை இறந்துவிடுவதில்லை. சுகப்பிரசவ முயற்சியில், பிரசவத்தோடு தொடர்புடைய குழந்தை இறப்பு 10,000க்கு ஏறக்குறைய 4. முதல் பிரசவத்துக்கு வலியோடு வரும் ஒரு பெண்ணுக்கு இருக்கும் ஆபத்தும் அதே அளவுதான். அந்தப் பெண்ணை யாரும் பயமுறுத்துவதில்லை.

கிழியப்போவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் குழந்தையின் இதயத்துடிப்பு. அதனால்தான் வயிற்றில் பெல்ட் கட்டி சி.டி.ஜி. எந்திரத்தில் தொடர்ந்து பார்க்கிறார்கள். வலிக்கும் வலிக்கும் இடைவெளியிலும் விடாமல் வலிப்பது, வந்துகொண்டிருந்த வலி திடீரென நின்றுபோவது, தோள்பட்டை நுனியில் வலி, ரத்தப்போக்கு, சிறுநீரில் ரத்தம், இறங்கிய தலை மறுபடி மேலே போவது, தாயின் நாடித்துடிப்பு ஏறுவது ஆகியவை மற்ற அறிகுறிகள். எல்லாம் சேர்ந்து வரும் என்று காத்திருக்கக் கூடாது.

அடிவயிற்றை அமுக்கிப் பார்த்து ‘தையல் வலிக்கிறது’ என்று ஒன்பதாம் மாதத்தில் அவசரமாகச் சிசேரியன் சொல்வது இங்கே சகஜம். அமுக்கும்போது வலிப்பது மட்டும் நம்பகமான அடையாளம் அல்ல. குழந்தையின் துடிப்பு, உங்கள் நாடி, ரத்தப்போக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஸ்கேனில் தையலின் தடிமன் பார்த்துச் சொல்ல முடியாதா?

அளக்கலாம். அளவு குறையக் குறைய ஆபத்து கூடும் என்பதும் தெரிந்ததே. ஆனால் ‘இத்தனை மி.மீ.க்குக் கீழே வேண்டாம், மேலே போகலாம்’ என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட கோடு இல்லை. ஒரே பெண்ணை இரண்டு பேர் அளந்தால் இரண்டு எண் வரும். 2 மி.மீ.க்கும் குறைவு என்றால் மருத்துவர் தயங்குவது புரிகிறது. மற்றபடி இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பது சரியல்ல.

இரண்டு சிசேரியன் ஆகிவிட்டது. இனி முயலலாமா?

கதவு மூடிவிடவில்லை, ஆனால் குறுகிவிட்டது. இரண்டு சிசேரியனுக்குப் பின் முயன்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 71 சதவீதம் பேருக்குச் சுகப்பிரசவம் ஆகியிருந்தது. கர்ப்பப்பை கிழிந்தது 1.36 சதவீதம் பேருக்கு. ஒரு சிசேரியன் ஆனவரைவிட இரண்டு மூன்று மடங்கு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் இதைப் பரிசீலிக்கலாம் என்றுதான் 2019ல் சொன்னது.

எங்கள் கருத்து: இடையில் ஒரு சுகப்பிரசவம் ஆகியிருக்க வேண்டும், அல்லது இரண்டு சிசேரியனுமே திரும்ப வராத காரணங்களுக்காக நடந்திருக்க வேண்டும். வலி தானாக வர வேண்டும். இடம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அளவிலானதாக இருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லையென்றாலும் திட்டமிட்ட சிசேரியனே மேல். தமிழ்நாட்டில் இரண்டு சிசேரியனுக்குப் பிறகு டிரையல் கொடுக்கும் மருத்துவர் கிடைப்பதும் அரிது. தேடுவதானால் ஐந்தாம் மாதத்திலேயே தேடத் தொடங்குங்கள்.

மூன்று, அதற்கு மேல் என்றால் 39 வாரம் முடிந்தபின் திட்டமிட்ட சிசேரியன்.

திட்டமிட்ட சிசேரியனில் ஆபத்தே இல்லையா?

இந்த ஒரு பிரசவத்தை மட்டும் பார்த்தால் ஆபத்து குறைவுதான். தாய் இறப்பு இரண்டிலும் மிக அபூர்வம்: சுகப்பிரசவ முயற்சியில் லட்சத்துக்கு 4, திட்டமிட்ட சிசேரியனில் லட்சத்துக்கு 13 என்று பிரிட்டன் வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது. மற்றபடி காயத்தில் சீழ், காலில் ரத்தம் உறைவது, பழைய தழும்பில் குடலும் சிறுநீர்ப்பையும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அவற்றில் வெட்டு படுவது ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். ஒட்டல் ஒவ்வொரு சிசேரியனிலும் கூடும். மூன்றாவது ஆபரேஷனில் வயிற்றைத் திறந்து குழந்தையை அடைய முதல்முறையைவிட அதிக நேரம் எடுப்பது அதனால்தான்.

பெரிய விலை அடுத்த கர்ப்பத்தில் வருகிறது. பழைய தழும்பின் மேல் நஞ்சு பதிந்து, கர்ப்பப்பைச் சுவருக்குள் வேர்விட்டுப் பிரியாமல் போவதை ‘அக்ரீட்டா’ என்பார்கள். 2006ல் வெளியான அமெரிக்க ஆய்வில், நஞ்சு கீழே வாயை மூடியிருந்த பெண்களில் இப்படி வேர்விட்டது முதல் சிசேரியனில் 3 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61. பிரிக்கப் போனால் ரத்தம் ஆறாக ஓடும். பெரும்பாலும் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: இன்னும் எத்தனை குழந்தை? இதோடு போதும் என்று உறுதியாக இருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பெரிதாகப் பொருந்தாது. மூன்றாவது ஆசை இருந்தால் இப்போது சுகப்பிரசவத்துக்கு முயல்வதற்கு அதுவே வலுவான காரணம்.

கர்ப்பமானதும் ஏதாவது தனியாகப் பார்க்க வேண்டுமா?

இரண்டு ஸ்கேன் தவறக் கூடாது. 6, 7 வாரத்தில் ஒன்று: கரு பழைய தழும்புக்குள் பதிந்திருக்கிறதா என்று பார்க்க. அபூர்வம்தான், ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் உயிருக்கு ஆபத்தில்லாமல் முடிக்கலாம். 20 வார ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். முன்பக்கம் கீழே, தழும்பின் மேல் என்றால் 32 வாரத்தில் கலர் டாப்ளரோடு (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) மறுபடி பார்க்க வேண்டும். சந்தேகம் உறுதியானால் சென்னை எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை போன்ற, ரத்த வங்கியும் பல துறை நிபுணர்களும் ஒரே வளாகத்தில் உள்ள இடத்துக்குப் போய்விடுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பிரசவத்துக்குள் ஹீமோகுளோபின் 11ஐத் தொட வேண்டும். 9 இருப்பவர் 800 மி.லி. இழந்தால் தள்ளாடுவார், 12 இருப்பவர் தாங்கிக்கொள்வார். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இரும்புச்சத்தை நரம்பில் ட்ரிப் ஏற்றுவது அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கிறது.

என் ஊர் மருத்துவமனையில் முயலலாமா? எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்தில் வேறெதைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். மருத்துவர் எவ்வளவு திறமையானவர் என்பதைவிட, இரவு இரண்டு மணிக்கு அந்தக் கட்டடத்தில் யார் இருக்கிறார் என்பதே முக்கியம்.

நேரடியாகக் கேளுங்கள். மயக்க மருந்து நிபுணர் இரவில் உள்ளேயே தங்குகிறாரா, வீட்டிலிருந்து வரவேண்டுமா? வர எத்தனை நிமிடம்? ஆபரேஷன் தியேட்டர் ஊழியர்கள் இரவுப் பணியில் இருக்கிறார்களா? ரத்தம் உள்ளேயே இருக்கிறதா, வெளியிலிருந்து வாங்கிவரச் சொல்வார்களா? பச்சிளங்குழந்தைக்கு வெண்டிலேட்டர் உண்டா? முடிவெடுத்து 30 நிமிடத்துக்குள் குழந்தையை எடுக்க முடியுமா? கடந்த ஆண்டில் எத்தனை பேருக்கு டிரையல் கொடுத்தார்கள், எத்தனை பேருக்கு ஆனது? கடைசிக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவர்கள் அடிக்கடி செய்கிறவர்கள்.

மயக்க மருந்து நிபுணரைப் பக்கத்து ஊரிலிருந்து போன் போட்டு அழைக்கும் சிறு நர்சிங் ஹோமில் முயல வேண்டாம். அங்கே திட்டமிட்ட சிசேரியன் செய்துகொள்வதில் தவறில்லை. அத்தகைய மருத்துவர் ‘இங்கே முடியாது’ என்றால் அவர் உங்களை ஏமாற்றவில்லை, தன் எல்லையைச் சொல்கிறார். அரசுத் தரப்பில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிசேரியன் ஆனவருக்குப் பிரசவம் பார்க்கமாட்டார்கள், மேலே அனுப்புவார்கள். சீமாங்க் மையம் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) உள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரிகளும்தான் இதற்கு உகந்தவை.

வீட்டில் பிரசவம் பார்ப்பது பற்றியும் சிலர் கேட்கிறார்கள். தழும்புள்ள கர்ப்பப்பையோடு அது வேண்டவே வேண்டாம்.

சிசேரியன் என்றால் எந்த வாரம்? நல்ல நேரம் பார்க்கலாமா?

வேறு காரணம் இல்லாவிட்டால் 39 வாரம் முடிந்தபின். 38 வாரத்தில் எடுத்தால் 100 குழந்தைகளில் 6க்கு மூச்சுத் திணறல் வருகிறது. 39க்குப் பின் 4 முதல் 5 ஆகக் குறைகிறது. சுகப்பிரசவத்தில் அது 2 முதல் 3. வலியின்போதுதான் குழந்தையின் நுரையீரலில் உள்ள நீர் பெருமளவு வற்றும். வலியே வராமல் எடுத்தால் அது அதிகமாகத் தங்கிவிடலாம்.

39 வாரம் முடிந்தபின் வரும் நாட்களில் நட்சத்திரம் பார்த்துக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டமில்லை. நட்சத்திரத்துக்காக 37 வாரத்தில் எடுப்பது குழந்தையை ஐ.சி.யு.வுக்கு அனுப்பும் ஏற்பாடு. அதிகாலை 4 மணி முகூர்த்தமும் வேண்டாம். பகலில் தியேட்டரில் இருக்கும் ஆட்கள் அப்போது இருக்கமாட்டார்கள்.

ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பு சாப்பாட்டை நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். வெட்டு போடுவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் ஊசி போட்டாக வேண்டும்.

தேதி குறித்தாயிற்று. அதற்கு முன்பே வலி வந்துவிட்டால்?

பத்தில் ஒருவர் வரை அப்படி ஆகிறது. அதனால் இரண்டாவது திட்டத்தை இப்போதே மருத்துவரிடம் பேசி அட்டையில் எழுதி வாங்குங்கள். வந்து பார்க்கும்போது 7, 8 செ.மீ. திறந்து தலையும் இறங்கியிருந்தால் சுகப்பிரசவமே விடலாமா, எந்த நிலையிலும் சிசேரியன்தானா என்று உங்கள் விருப்பம் அதில் இருக்கட்டும். நடு இரவில் பணியில் இருக்கும் மருத்துவருக்கு உங்களைத் தெரியாது.

40 வாரம் தாண்டியும் வலி வரவில்லை. ஊசி போட்டு வரவழைக்கலாமா?

இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. 2004ல் வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்காவின் 19 மருத்துவமனைகளில் முயன்ற 17,898 பெண்களைப் பின்தொடர்ந்தது. வலி தானாக வந்தவர்களில் 0.4 சதவீதம், வந்த வலியை ட்ரிப்பால் கூட்டியவர்களில் 0.9, வலியையே வரவழைத்தவர்களில் 1.0 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை கிழிந்தது.

வலியை வரவழைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையை நிறைமாதத்தில் தழும்புள்ள கர்ப்பப்பைக்கு வைக்கவே கூடாது. மலிவான, எல்லா இடத்திலும் கிடைக்கும் மாத்திரை என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாத்திரையோ ஜெல்லோ வைக்க வந்தால் ‘எனக்கு முன்பு சிசேரியன், இது என்ன மருந்து?’ என்று கேட்டுவிடுங்கள். கர்ப்பப்பை வாயில் ஃபோலே பலூன் (நுனியில் நீர் நிரப்பும் ரப்பர் குழாய்) வைப்பது மருந்தைவிட ஆபத்து குறைந்த வழி. வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் ட்ரிப்பைக் குறைந்த அளவில், சி.டி.ஜி. பார்த்துக்கொண்டே, மூத்த மருத்துவரின் முடிவில் போடலாம்.

பலர் செய்வது: 40 வாரம்வரை காத்திருப்பது, வாய் இளகியிருந்தால் விரலால் சவ்வைப் பிரித்துவிட்டுச் சில நாள் பார்ப்பது, 41க்குள் வரவில்லை என்றால் சிசேரியன். காத்திருப்புக்கும் விலை உண்டு. 39 வாரத்துக்குப் பின் வயிற்றிலேயே குழந்தை இறப்பது 10,000க்கு 10. அசைவு குறைந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

பிரசவ அறையில் என்ன செய்வார்கள்? முதுகில் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கையில் ஊசிக்குழாய் போட்டு, ரத்த மாதிரியை ரத்த வங்கிக்கு அனுப்பி, சி.டி.ஜி. கட்டுவார்கள். பெல்ட் கட்டியிருந்தாலும் உட்காரலாம், நிற்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம். மல்லாந்தே கிடக்க வேண்டியதில்லை. முதுகில் போடும் வலி குறைக்கும் ஊசியான எபிடூரல் போட்டுக்கொள்ளத் தடையில்லை. அது கிழிசல் வலியை மறைத்துவிடும் என்ற பழைய பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த எபிடூரலை மீறித் திடீரென வலி வந்தால், மருந்தைக் கூட்டுவதற்கு முன் ஏன் என்று பார்க்க வேண்டும்.

முயன்று கடைசியில் சிசேரியன் ஆனால், இரண்டு கஷ்டமும் சேர்ந்துவிடாதா?

சேரும். அதை மறைக்கக் கூடாது. மேலே சொன்ன 2004 ஆய்வில் கர்ப்பப்பை உள்சவ்வில் தொற்று வந்தது சுகப்பிரசவம் ஆனவர்களில் 1.2 சதவீதம், முயன்று சிசேரியன் ஆனவர்களில் 7.7, நேரே திட்டமிட்ட சிசேரியனுக்குப் போனவர்களில் 1.8. மூன்றில் சிறந்தது வெற்றிபெற்ற முயற்சி, மோசமானது தோற்ற முயற்சி, நடுவில் திட்டமிட்ட சிசேரியன். அதனால்தான் உங்கள் சொந்த வாய்ப்பு 80க்கு மேலா, 50க்குக் கீழா என்று தெரிந்துகொள்வது அவ்வளவு முக்கியம்.

சுகப்பிரசவத்திலும் எல்லாம் சுகமில்லை. ஆயுதம் போட்டு எடுக்க நேரலாம்; 100ல் 5 பேருக்கு ஆசனவாய்த் தசைவரை கிழிசல் போகிறது.

எவ்வளவு இடைவெளி விட்டிருக்க வேண்டும்?

முந்தைய பிரசவத்துக்கும் இந்தப் பிரசவத்துக்கும் 18 மாதத்துக்கு மேல். அதாவது குறைந்தது 9, 10 மாதம் கழித்துக் கரு தரித்திருக்க வேண்டும். அதைவிடக் குறைவு என்றால் கிழியும் ஆபத்து கூடுகிறது. அடுத்த கர்ப்பத்துக்கு 2 ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தழும்புக்கும் ரத்தசோகைக்கும் அதுவே நல்லது.

சர்க்கரை, இரட்டைக் குழந்தை, பெரிய குழந்தை?

கர்ப்பகாலச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் தடையில்லை. இரட்டையில் முதல் குழந்தையின் தலை கீழே இருந்தால் பெரிய மருத்துவமனையில் யோசிக்கலாம். ஸ்கேனில் 3.6 கிலோ என்று சொன்னதற்காக மட்டும் மனம் மாறாதீர்கள். அந்த எண் முன்னே பின்னே அரை கிலோ தவறலாம்.

சிசேரியனோடு குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிடலாமா?

செய்யலாம், நம்மூரில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். முடிவை மேசையில் படுத்தபின் எடுக்காமல் சில வாரம் முன்பே எடுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்காகவே சிசேரியன் தேவையில்லை. சுகப்பிரசவத்துக்குப் பின் சில நாட்களில் தொப்புளுக்குக் கீழே சிறு வெட்டு போட்டு அதைச் செய்துவிடலாம். முடிவு உறுதியாகவில்லை என்றால் இரண்டு வழியிலும் நஞ்சு வெளியே வந்தவுடன் காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம். 380ஏ வகை 10 ஆண்டு தாங்கும்.

வலி தொடங்கினால் எப்போது கிளம்ப வேண்டும்?

மற்றவர்களைவிட முன்னதாக. 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வரத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், அசைவு குறைந்தால், வயிறு இடைவெளியில்லாமல் வலித்தால் வலியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். மருத்துவமனை ஒரு மணி நேரத்துக்கு மேல் தொலைவு என்றால் 38 வாரத்திலிருந்தே பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, தாய்-சேய் நல அட்டை, கடைசி ஸ்கேன், ரத்த வகைச் சீட்டு எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேரின் எண்ணையும் அதிலேயே எழுதி வையுங்கள். 108ஐ அழைத்தால் முதல் வாக்கியமாக ‘முன்பு சிசேரியன் ஆனவர், இப்போது வலி’ என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் வண்டி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மறுபடி மாற்றுவதில் நேரம் போய்விடும்.